வண்டியை எங்கே நிறுத்துவது?

எங்கள் தோட்டத்துச் சாளையின் மாடியில் பதினாறு வருசமாக ஒரு குடை அக்கினி மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கம்பெனி எதுவானாலும் எங்கள் பக்கத்தில் குடை அப்படித்தான் நிற்கும். டிடிஎச்காரர்களின் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கோவைக்குக் கிழக்கே தொங்குகின்றன. ஆகவே தென்கிழக்கு. சாளைக்கு வாஸ்து பார்க்க வந்த பெரியவர் குடையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கினி மூலைல நெருப்பு இருக்கலாமுங்க, தப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்சணை வாங்கிக்கொண்டு போனார். அங்கே எரியப்போவது என்ன என்று அவர் சொல்லவில்லை. மாசாமாசம் குறுஞ்செய்தியில் தெரிந்துகொண்டேன்.

என் கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் உடனே நாலு பேர், "அதை விட்டுட்டு இதுக்கு மாறிக்கங்க" என்று யோசனை சொல்ல வருவார்கள். அப்படி மாறியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மாடியில் குடையின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது.

2003-இல் டிஷ் டிவி ஆரம்பித்து வைத்த கடை இது. 2006-இல் டாடா ஸ்கை, 2007 கடைசியில் சன் டைரக்ட், அடுத்த ஆண்டு பிக் டிவியும் ஏர்டெல்லும், அதற்கடுத்து வீடியோகான் என்று வரிசையாக வந்தார்கள். ஆறு பேர் போட்டி போட்டால் வாடிக்கையாளன் ராஜா என்றார்கள். ஒருவர் இன்னொருவரோடு சேர்ந்துகொண்டார், ஒருவர் கைமாறிப் பெயர் மாறிக் கடையைக் கட்டினார். இன்று நாலே பேர். ராஜா இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார்.

தோட்டத்துச் சாளைக்கு ஏன் குடை என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கொங்குச் சீமையில் எல்லோரும் தெருவும் திண்ணையுமாக ஒரே இடத்தில் கூடி வாழ்வதில்லை. கருமத்தம்பட்டி, அன்னூர், பல்லடம், காங்கேயம் என்று எந்தப் பக்கம் போனாலும் எத்தனையோ குடும்பங்கள் அவரவர் காட்டுக்குள் சாளை கட்டிக்கொண்டு தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒரு சாளைக்கும் அடுத்ததற்கும் நடுவே சோளக்காடும் தென்னந்தோப்பும் வறண்ட கிணறும். கேபிள் வயர் ஊருக்குள்ளேயே நின்றுவிடும். 2009-இல் எங்கள் கேபிள்காரரைக் கூப்பிட்டபோது அவர் சாளைக்கு வருகிற வேலிப் பாதையை, எங்கள் இட்டேரியை, ஒரு பார்வை பார்த்தார். "பத்துப் பன்னண்டு கம்பம் நடோணுமுங்க. அந்தக் காசுக்கு நீங்களே ஒரு சேனல் ஆரம்பிச்சரலாமுங்க" என்றார். அவர் மேல் குற்றமில்லை. அந்த இட்டேரியைத்தான் குடைக்காரர்கள் முதலாக்கிக்கொண்டார்கள். கம்பி வராத இடத்தில் மாட்டிக்கொண்டவன் எங்கே ஓடுவான்?

தொடக்கத்தில் நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. படம் கண்ணாடி மாதிரி. அப்போது அப்புச்சி உயிரோடு இருந்தார். அம்மாவைப் பெற்றவர். "மேல ஒரு குடையை விரிச்சா ஊட்டுக்குள்ள படம் பேயுதே" என்று கைத்தடியால் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். வானம் பார்த்த பூமிக்காரருக்கு மேலிருந்து எதுவும் சும்மா வராது என்பது தெரியும். "இதுக்கு என்ன வாங்கறான்?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. சொன்னேன். "பொறவு ஏத்துவான்" என்றார்.

வானத்தில் நடப்பதற்கு நான் யாரையும் குறை சொல்வதில்லை. 2010 ஜூலை 7-ஆம் தேதி இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகட்டில் கோளாறாகி, பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் மலேசியாவின் மீசாட்டுக்கு இடம் மாறியது. மேலே ஒரு தகடு பழுதானால் கீழே சூலூரில் ஒருவர் ஏணி போட்டு ஏறிக் குடையைத் திருப்ப வேண்டும். விபத்துதான். ஒத்துக்கொள்கிறேன். மழையையும் ஒத்துக்கொள்கிறேன், இந்த அலைவரிசை கனத்த மழையில் கரைந்துபோகும், அது இயற்கை. வருசம் முழுக்க மழை வராதா என்று ஏங்குகிற எங்கள் மக்கள், ஐப்பசியில் ராத்திரி எட்டு மணிக்கு மேகம் கட்டினால், "சீரியல் முடியட்டும் மாரியாத்தா" என்று கும்பிடும்படி ஆகிவிட்டதே, அதையும்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். என் கோபமெல்லாம் பூமியில் நடக்கிறவற்றின் மேல்தான்.

2012 நினைவிருக்கிறதா? கோவையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலே மின்சாரம் இல்லாத காலம். மோட்டார் ஓடவில்லை, தறி ஓடவில்லை, லேத்து ஓடவில்லை, கிரைண்டர் ஓடவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: டிடிஎச் பேக்கின் நாட்கணக்கு. இருட்டில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டே முழுச் சந்தாவும் கட்டினோம். அழைத்துக் கேட்டேன். "மின்தடைக்கு நிறுவனம் பொறுப்பல்ல சார்" என்றது அந்தக் குரல். சரிதான். நான் பொறுப்பா?

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள். குடை எம்மாத்திரம்? விரற்கடை நகர்ந்தால் திரை நீலமாகிவிடும். ஆள் வர வேண்டும். வந்தால் காசு. வருகிற பையன் அன்னூர் பக்கத்துக்காரன், கம்பெனியின் பனியனைப் போட்டிருப்பான், ஆனால் கம்பெனி ஆள் இல்லை. காண்டிராக்டரின் ஆள். வீட்டுக்கு இத்தனை என்று கூலி. வண்டியும் பெட்ரோலும் ஏணியும் அவனுடையது. ஒருமுறை மாடியில் நின்று ஸ்பேனரைத் திருகிக்கொண்டே, "பாருங்ணா, நீங்க கட்டறதுல எனக்கு எவ்வளவு வருதுன்னு சொன்னா நீங்களே காப்பித்தண்ணி வாங்கித் தருவீங்ணா" என்றான். வாங்கித் தந்தேன். அவனைத் திட்டத்தான் கம்பெனி அவனை நம் வீட்டுக்கு அனுப்புகிறது. நாம் திட்டுவதை வாங்கிக்கொள்வதும் அவன் வேலையில் சேர்த்தி. அதற்குத் தனிக் கூலி கிடையாது.

கோபத்தை அழைப்பு மையத்தில் காட்டலாம் என்றால் அங்கே எங்கள் மொழி எங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. கொங்குத் தமிழில் திட்டுவது கஷ்டம். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ங்க' வந்து உட்கார்ந்துகொள்ளும். "நீங்க நாசமாப் போயிருவீங்கங்க" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். "நன்றி சார், வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?" என்று கேட்டது மறுமுனை. முதல் உதவியே இன்னும் வரவில்லையம்மிணி, வேறு உதவிக்கு எங்கே போவது?

இனி 2019-க்கு வருகிறேன். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் என்று பேர் வாங்கிய ஊரையே உட்கார வைத்துக் காது குத்திய வருசம் அது.

டிராய் என்கிற ஒழுங்குமுறை ஆணையம் 2017 மார்ச்சில் ஒரு கட்டண ஆணை எழுதியது. ஒளிபரப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள், உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 அக்டோபர் 30-இல் ஆணை செல்லும் என்று தீர்ப்பாகி, 2019 பிப்ரவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. பார்ப்பதற்கு மட்டும் பணம் கட்டினால் போதும், வேண்டாததற்கு வேண்டாம் என்றார்கள். கேட்கவே குளுகுளுவென்று இருந்தது. உழவர் சந்தையில் அரைக்கிலோ கத்தரிக்காய் மட்டும் வாங்கிக்கொண்டு வருவது மாதிரி இதுவும் இருக்கும் என்று நம்பினேன். நானே ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, வீட்டில் யார் யாருக்கு எந்தெந்தச் சேனல் என்று எழுதினேன். மொத்தம் பதினொன்று வந்தது.

அப்புறம் வந்தது மொய்.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் நெட்வொர்க் கட்டணம். 130 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 153 ரூபாய் 40 காசு. எந்தச் சேனலுக்கும் அல்ல, சேனலை வாங்குவதற்கான யோக்கியதைக்கு. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில்கூட மொய் எழுதாதவனுக்கும் இலை போடுவார்கள். பந்தி முடிந்து கை கழுவிய பிறகுதான் மொய் நோட்டுக்காரரின் கண்ணைப் பார்க்கவே பயப்பட வேண்டும். இங்கே மொய் எழுதினால்தான் மண்டபத்துக்குள் கால் வைக்கலாம். அந்த வருசம் எழுதியவனுக்கு உள்ளே நூறு இடம் கொண்ட இலை. அதில் 25 இடத்தில் தூர்தர்ஷன் ஏற்கெனவே பரிமாறப்பட்டிருந்தது. வேண்டாம் என்று எடுத்து வைக்க முடியவில்லை. சாம்பாருக்குத் தனிக் காசு. ரசத்துக்குத் தனிக் காசு. எச்டி என்று கேட்டால் ஒரு சேனல் ரெண்டு சேனலாகக் கணக்கு, குண்டான ஆளுக்கு ரெண்டு இலை என்கிற மாதிரி. நூறைத் தாண்டினால் ஒவ்வொரு 25-க்கும் இன்னொரு 20 ரூபாய் மொய். வருசத்துக்கு 1,840 ரூபாய் 80 காசு, ஒரு கட்டணச் சேனலும் பார்க்காமல். எங்கள் அம்மாவின் சீரியல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது.

ஒரு சேனல் கொத்தில் சேர வேண்டுமானால் அதன் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது டிராய் போட்ட வரம்பு. வரம்பு என்றால் அதற்குள் எங்காவது நிற்பார்கள் என்று நாம் நினைப்போம். ஊரே பார்க்கிற சேனல்கள் நேராகப் போய் 19-இல் உட்கார்ந்தன. 2020-இல் டிராய் அதை 12 ஆக்கியது. ஒளிபரப்பாளர்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். தோற்ற பிறகு, ஊர் பார்க்கிற சேனல்களைக் கொத்திலிருந்து உருவி வெளியே வைத்து, அவற்றுக்கு 12-க்கு மேலே விலை எழுதினார்கள். டிராய் என்ன செய்தது? 2022 நவம்பரில் மறுபடி 19 ஆக்கியது. மாட்டுத் தாவணியில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற தரகர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்கூட 12-க்கு இறங்கிவிட்டு 19-க்கு ஏற மாட்டார்கள். ஏறினால் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் கேட்பான். இங்கே மாடும் நாம்தான், பிடித்துக்கொண்டு நிற்பவனும் நாம்தான்.

கொத்து என்றேன். அவர்கள் பாஷையில் பொக்கே, பூங்கொத்து. மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லி கேளுங்கள். கிள்ளித் தருவார்கள். இந்தப் பூக்கடையில் அப்படி இல்லை. ஒரு முழம் மல்லிக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றும்; அதே மல்லியோடு அரளி, எருக்கு, காகிதப் பூ, போன வாரத்துச் சாமந்தி எல்லாம் சேர்த்துக் கட்டிய கொத்து அதைவிட மலிவு. தனியாக நாலு சேனல் எடுக்கிற காசுக்குப் பத்துப் பதினைந்து சேனல். யாராவது தனியாக எடுப்பானா? நானும் கோடு போட்ட தாளைக் கிழித்துப்போட்டுவிட்டுக் கொத்தையே வாங்கினேன். என் பதினொன்று அறுபதுக்கு மேலே போயிற்று. அதில் பாதியை இன்றுவரை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. இதற்குத்தான் விருப்பத் தேர்வு என்று பெயர். விருப்பம் அவர்களுடையது, தேர்வு எழுதுவது நாம்.

பழைய வாடிக்கையாளன் என்பவன் யார் என்பதைப் போன தை மாதம் காந்திபுரத்தில் ஒரு கடையில் தெரிந்துகொண்டேன். பெட்டி செத்துவிட்டது. கடைச் சுவரில் பளபளவென்று விளம்பரம்: புது இணைப்பு, எச்டி பெட்டி, குடை, நிறுவல், ஒரு மாதப் பேக் எல்லாம் சேர்த்து இவ்வளவு. எனக்குப் பெட்டி மட்டும் மாற்றினால் போதும் என்றேன். கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னார். அது சுவரில் இருந்ததைவிட அதிகம். "பதினாறு வருசக் கஸ்டமருங்க நானு" என்றேன். அவர் அனுதாபத்தோடு குரலைத் தாழ்த்தி, "அதுதாங்ணா பிரச்சினையே. அண்ணி பேர்ல புதுசா எடுத்துக்கங்ணா" என்றார்.

அப்படித்தான் எங்கள் பக்கம் பல மாடிகளில் ஒரே கம்பெனியின் ரெண்டு குடைகள், சில இடத்தில் மூன்று, அக்கினி மூலையைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. முதல் குடை தாத்தா பேரில், ரெண்டாவது மருமகள் பேரில், மூன்றாவது கல்லூரிக்குப் போகிற பையன் பேரில். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதுகூட இவ்வளவு முறையாக நடந்ததில்லை. செத்த குடைகளில் சுண்டைக்காய் வத்தல் காய்கிறது.

பெட்டி ஏன் சாக வேண்டும், செத்தாலும் ஏன் அதே கடையில் வாங்க வேண்டும் என்று கேட்காதீர்கள். 2001-இல் மத்திய அரசு டிடிஎச்சுக்கு விதி எழுதியபோதே, ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொன்றுக்கும் பொருந்தும்படி இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 2020 ஏப்ரலில் டிராய் அதையே மறுபடி பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே பத்திரமாக இருக்கிறது. செல்போன் எண்ணை 2011-இலிருந்து கம்பெனி விட்டுக் கம்பெனி தூக்கிக்கொண்டு போகிறோம். எங்கள் ஊர் மோட்டாரும் பம்பும் வார்க்கிற ஊர். பீளமேட்டில் செய்த மோட்டாரைக் கணபதியில் கட்டலாம், உடுமலையில் ஓட்டலாம். யாரும் "எங்க பம்புக்கு எங்க தண்ணிதானுங்க வரும்" என்று சொன்னதில்லை. சொன்னால் பட்டறையிலேயே அடி விழும். டிவிப் பெட்டி மட்டும் ஒரே தாலி கட்டிய பத்தினியாக இருக்கிறது. கம்பெனியோ மணமேடையை விட்டு இறங்குவதே இல்லை.

கடைசியாக 2024 ஜூலை. டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பு போயிற்று. குடை மாட்ட 350 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017 விதியில் இருந்தது; அதுவும், வீட்டுக்கு வந்து பார்க்கிற கட்டணம், இடம் மாற்றுகிற கட்டணம் எல்லாவற்றின் வரம்பும் போயின. நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், வெளிப்படையாக அறிவித்தால் போதும். வெளிப்படையாக என்பதைக் கவனியுங்கள். முகமூடி போடாமல் வந்தால் வழிப்பறி ஆகாது. இதற்கு டிராய் வைத்திருக்கிற சொல் ஃபார்பியரன்ஸ். அகராதியைப் புரட்டினேன். பொறுமை, பொறுத்துப்போதல், சகித்துக்கொள்ளுதல் என்று போட்டிருந்தது. கம்பெனி ஏற்றும், ஆணையம் பொறுத்துக்கொள்ளும். பொறுமையின் பெருமையைக் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு இது புதிதல்ல; ஆனால் என் காசைப் பிடுங்குகிறவனை டில்லியில் யாரோ பொறுத்துக்கொள்வது எந்த வகைப் பொறுமை?

அரசாங்கமே நடத்தினால் விடிவு வரும் என்று நம்பிய காலமும் உண்டு. 2007 மே மாதம் சென்னையில், ஆட்சியும் கேபிளும் கையில் வைத்திருந்த ஒரு பெரிய குடும்பத்துக்குள் சண்டை வந்தது. அந்த அக்டோபரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கழகம் பிறந்தது. கட்டுப்பாட்டு அறை அமைக்கத் தேர்ந்தெடுத்த நாலு ஊர்களில் எங்கள் கோவையும் ஒன்று. மக்களுக்கு மலிவாகக் கேபிள் என்று மார்தட்டினார்கள். 2008 டிசம்பரில் குடும்பம் ராசியாயிற்று. கழகம் தூங்கப் போயிற்று. பேரனோடு தாத்தா பேசாமல் இருந்தவரைக்கும் நமக்குக் கேபிள் உரிமை இருந்தது, பேசிவிட்டார், போயிற்று. 2011 செப்டம்பரில் அடுத்த ஆட்சி அதைத் தட்டி எழுப்பி மாதம் 70 ரூபாய் என்றது. அதுவும் எங்கள் இட்டேரிக்குள் வரவில்லை. 2022 நவம்பரில் அந்தப் பெட்டிகள் மாநிலமெங்கும் கூட்டமாக இருண்டபோது, குடைக்காரர்களாகிய நாங்கள் கொஞ்சம் சந்தோஷப்பட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மனிதன் அப்படித்தான்.

இத்தனைக்கும் இது ஒரு பைசாவுக்கு உயிரைக் கொடுத்த பூமி. அலங்காரமாகச் சொல்லவில்லை. 1970-இல் பம்புசெட்டுக்கு யூனிட் எட்டுப் பைசாவாக இருந்த மின்கட்டணம் பத்தானது. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் எழுந்தார்கள். பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் செத்தார்கள். அரசு இறங்கி வந்து ஒரு பைசா குறைத்தது. ஒரே ஒரு பைசா. 1972-இல் மறுபடி ஏற்றினார்கள். அப்போதுதான் ஆயிரக்கணக்கில் மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து கோவை நகரத்தின் வீதிகளை மறித்தார்கள். எங்கள் அப்புச்சியும் வண்டி கட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கட்டுச்சோறும் மாட்டுக்குச் சோளத்தட்டும் ஏற்றிவிட்டதை இன்றைக்கும் சொல்வாள்.

அந்த வம்சத்தில் வந்த நான், என்னைக் கேட்காமலேயே ஏதோ ஒரு பக்தி சேவையோ சமையல் சேவையோ பதினைந்து நாள் இலவசமாக ஒட்டிக்கொண்டு, பதினாறாம் நாளிலிருந்து தினமும் ரெண்டு ரூபாய் சொச்சம் உறிஞ்சியதை ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அறுபத்தொரு ரூபாய். திருப்பிக் கேட்டேன். தர மாட்டார்களாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. நியாயம் இலவசம்தான். ஆனால் கோவைக்குப் பஸ், ஒரு நாள் சோலி, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள், ஜெராக்ஸ், மதியச் சாப்பாடு? அப்புறம் வாய்தா. அறுபத்தொரு ரூபாய்க்கு நான் எத்தனை அறுபத்தொரு ரூபாய் செலவழிக்க வேண்டும்? அந்தத் தொகை யோசித்துப் போட்ட தொகை. ஐந்நூறு ரூபாய் எடுத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பஸ் காசும் நாள்கூலியும் சேர்ந்த தொகைக்குக் கொஞ்சம் கீழே கையை வைக்கிறான். 2025 தொடக்கத்தில் நாடு முழுக்க டிடிஎச் வீடுகள் ஐந்தரைக் கோடிக்கு மேல் இருந்தன. தலைக்கு ஒரு ரூபாய் என்றாலே ஐந்தரைக் கோடி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அதை நம்மைவிட நன்றாகப் படித்தவன் திருடுகிறான், அளந்து அளந்து.

சோமனூரில் மீட்டருக்கு இத்தனை பைசா கூலி உயர்வு வேண்டும் என்று தறியை மாதக்கணக்கில் நிறுத்திப் போராடுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பைசாவின் அருமை ஊருக்கு மறந்துவிடவில்லை. பின் ஏன் குடையின் முன்னால் மட்டும் வாய் பொத்தி நிற்கிறோம்? ரொம்ப நாள் யோசித்தேன். 1970-இல் எல்லோருடைய பில்லிலும் ஒரே எண். எட்டுப் பைசா எனக்கும் எட்டு, அடுத்த தோட்டத்துக்காரருக்கும் எட்டு. பத்தாகும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் பத்து. டீக்கடையில் ஒரு பேச்சு போதும், ஊர் கூடிவிடும். இப்போது என் பேக் வேறு, பக்கத்துச் சாளைக்காரர் பேக் வேறு, அவர் சம்பந்தி பேக் வேறு. என்னுடையது இன்றைக்கு ஏறும், அவருடையது அடுத்த மாதம் ஏறும். "எனக்கு ஏறிருச்சுங்க" என்றால், "எனக்கு அப்படியேதானுங்க இருக்குது, நீங்க பேக்கைச் சரியா எடுக்கலீங்களோ?" என்பார். குற்றம் என்னுடையதாகிவிடும். விருப்பத் தேர்வு என்ற பெயரில் எங்களை ஆளுக்கொரு பில்லாகப் பிரித்துவிட்டார்கள். தனித்தனிச் சாளையில் இருந்தவர்களை நாராயணசாமி நாயுடு ஒரே வண்டி வரிசையில் சேர்த்தார். அந்த வரிசையைத் தனித்தனிப் பேக்காக இவர்கள் கலைத்தார்கள்.

போன ஆடியில் ரோஷம் வந்து ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன். திரை கறுத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கறுத்த திரையின் முன்னால் உட்கார்ந்து மொச்சை உரித்தாள். அது திட்டுவதைவிட மோசம். பத்தாம் நாள் போன் வந்தது. பதினாறு வருசமாக நான் கூப்பிட்டால் எண்களை அமுக்கச் சொன்ன கம்பெனி, முதல் தடவையாகத் தானே கூப்பிட்டது. பையன் தேன் மாதிரிப் பேசினான்.

"சார், திரும்பி வந்தீங்கன்னா ஒரு மாசம் முழுக்க ஃப்ரீ சார். உங்களுக்காகவே ஸ்பெஷல் ஆஃபர்."

"இது போன மாசம் இருந்துச்சுங்களா, தம்பி?"

"இல்ல சார். இது போனவங்களுக்கு மட்டும்தான் சார்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா முறத்தை நகர்த்திவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப வருசத்துக்கு ஒருக்கா கோவிச்சுட்டுப் போயிட்டுப் போயிட்டு வரோணுமாட்ட இருக்குது" என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவள் போல, "ஏன் கண்ணு, இவனுக ஆபீசு எங்கிருக்குதுன்னு கேளு" என்றாள்.

கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சாரி சார், லொகேஷன் சொல்றதுக்கு எங்களுக்கு அனுமதி இல்ல சார்."

"இருக்கற ஊரையே சொல்ல மாட்டேங்கறானா?" என்றாள் அம்மா. மடியில் ஒட்டியிருந்த மொச்சைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டே முக்கால்.

"பின்ன அப்புச்சி வண்டியைக் கட்டிட்டு எங்க போவாரு? சரி, ஒம்பது மணிக்குள்ள படம் வந்துருமான்னு கேளு."